உன்னைக் கேட்காமல் நேர்ந்துகொண்ட கோழி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா? சீலா உயிரோடு இருக்கிறாள். எழுந்து நடக்கிறாள், யாராவது பக்கத்தில் போனால் கொத்துகிறாள். ஆனால் நம் வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறாள், ஏன் அங்கே போனாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசி முடிக்கிற சங்கதி இல்லை. நீ "ஹலோ" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், இல்லையென்றால் உன் கப்பலில் சிக்னல் அறுந்துவிடும். அதனால் உன் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் எழுத்து. பிழை கண்ணில் பட்டால் கப்பல் ஆடியதால் அப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள். கூட இருக்கிற பையன்கள் சீலா யாரு என்று கேட்டால், வெட்கப்படாமல் கோழி என்று சொல்லு. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் சட்டைப் பைக்குள் குஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பயல்தானே நீ. உடம்பெல்லாம் புள்ளி இருக்கிறது என்று மீன் பேரைக் கோழிக்கு வைத்தவனும் நீதான். அவளுக்கு இப்போது பத்து வயது. கோழிக்கணக்கில் அவள் எனக்கே பாட்டி.

இப்போது என் தப்பைச் சொல்லுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் முதல் கப்பல் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதே, முதலாளி கைவிட்டு ஓடிப்போய், அஞ்சு மாசம் கரையில் கால் வைக்க விடாமல் உங்களை வைத்திருந்தார்களே, அப்போது ஒரு நாள் போனில் நீ அழுதாய். அழவில்லை, சளி என்று சொன்னாய். அஞ்சு மாசமாய் ஒரு சளி! போனை வைத்ததும் நான் நேராகக் குசினிக்குள் போய், அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிற அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்றேன். "எம் பிள்ளைய கரையேத்தி விட்டுரும், அவனுக்கு உசுரா இருக்க அந்தக் கோழிய ஒம்ம கோயில்ல கொண்டாந்து விட்டுருதேன்" என்று சொல்லிவிட்டேன். உன் கோழி. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கழுத்தில் கிடக்கிற செயினைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. கோழிதான் வந்தது. அடுத்தவன் பொருளை நேர்ந்துகொள்கிறது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீயும் வந்து சேர்ந்தாய். பெட்டியை வாசலில் போட்டாய், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, உங்க அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நேராகப் புறவாசலுக்குப் போய்விட்டாய். அங்கே சீலா பதினோரு முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து என்னத்தையோ பேசிக்கொண்டிருந்தாய். அவளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகக் கையில் கூடையோடு நின்ற நான், கூடைக்குள் வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். குஞ்சு பொரிக்கட்டும் என்றேன். பொரித்தது. குஞ்சு பெரிதாகட்டும் என்றேன். ஆனது. அப்புறம் அவளுக்கு இறகு உதிர்ந்தது, இந்தக் கோலத்தில் எப்படிக் கொண்டுபோவது என்றேன். திருநாளும் வந்தது. மனசு உறுத்த, சந்தையில் ஒரு சேவலை வாங்கி அந்தோணியார் கோயிலில் விட்டுவிட்டு வந்தேன். கோடி அற்புதரிடமே ஆள்மாறாட்டம் செய்தவள் உன் அம்மா. அதுவும் எப்படிச் சேவல்? எலும்புக்கு மேல் இறகு ஒட்டினது. அதற்கப்புறம் வீட்டில் பால் திரிந்தாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், எனக்குள்ளே ஒரு குரல் "கோழி, கோழி" என்றுதான் சொல்லும்.

போன மாசம் சீலா சீக்கானாள். நான் மீன் ஆய உட்கார்ந்தால் எங்கே இருந்தாலும் ஓடிவந்து குடலுக்குச் சண்டை போடுகிறவள், அன்றைக்கு வரவில்லை. சுவரோரமாய்க் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பந்து மாதிரி நின்றாள். நெஞ்சுக்கு மேலே இரை தங்குகிற பை கல்லு மாதிரி இருந்தது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் இடித்து உருட்டிக் கொடுத்தேன். வேப்பிலை கொடுத்தேன். என் மூஞ்சியில் துப்பாத குறை. மூன்று நாளில் ஒரு தேங்காய் நார் அளவுக்கு லேசாகிவிட்டாள். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "அறுத்துருளா, இன்னும் ரெண்டு நாள் போனா கறிக்கும் ஆவாது" என்றாள். அவளுக்குக் கோழி என்றால் முழுசாய்த் தெரியாது, துண்டு துண்டாய்த்தான் தெரியும். உங்க அப்பாவிடம் கேட்டால், "நீ என்ன சொல்லுதியோ அதான்" என்று சொல்லிவிட்டு வள்ளத்துக்குப் போய்விட்டார். வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் அந்த மனுசனுக்குக் கடலில் மீன் நிறைந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். சீலா கொஞ்சம் மந்தமாய் இருக்கிறாள் என்று சொன்னேன். "நான் வார வரைக்கும் பாத்துக்கிடும்மா" என்றாய், லைன் போய்விட்டது.

இப்படி நான் நடுவில் நின்றேன். அறுத்தால் நேர்ந்த கோழியை வீட்டில் தின்ற பாவம். விட்டால், கோயிலுக்குப் போய்ச் சேராமலே செத்து, கல்யாணத்துக்கு முன்னால் வாக்குத் தவறின வீடு. சீக்குக் கோழியைக் கோயிலில் கொண்டுபோய் விட்டால் அது இன்னும் மோசம், எலும்புச் சேவலுக்கு அடுத்து சாகப்போற கோழியா என்று அந்தோணியாரே கேட்பார். எதைச் செய்தாலும் நீ வந்து புறவாசலுக்குப் போவாய், அங்கே ஒன்றும் இருக்காது. இதில் இன்னொரு எண்ணமும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் தானாகச் சாகும், வயசாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று உன்னிடம் சொல்லலாம், நேர்ச்சையும் யாருக்கும் தெரியாமல் அவளோடு புதைந்துவிடும். அந்த எண்ணம் வந்த உடனே சீலா கழுத்தை நீட்டி என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்தாள். கோழி அப்படித்தான் பார்க்கும். இருந்தாலும் எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

மறுநாள் காலையில் ஒயர் கூடையில் பழைய துணி விரித்து, அவளை உட்காரவைத்து, மேலே உங்க அப்பா தலையில் கட்டுகிற லேஞ்சியைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் தம்பி கூடையை எட்டிப் பார்த்து, "ஆச்சிக்கு சீனியர் சிட்டிசனா?" என்று கேட்டான். யாரைக் கேட்டானோ, நான் கோழிக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மாட்டாஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ரெண்டு ஆடு, ஒரு கன்னுக்குட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு நாய். டாக்டர் சின்னப் பொண்ணு. சீலாவின் பையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தது. உள்ளே நார் மாதிரி என்னவோ சிக்கியிருக்கிறது, மருந்தில் கரையாது, அப்படியே விட்டால் பசியிலேயே போய்விடும் என்றது. கீறி எடுத்துத் தைக்கலாம், ஆனால் வயசான கோழி, தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கஷ்டப்பட வேண்டாம் என்றால் ஊசி போட்டு முடித்துவிடலாம், மூன்றில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றது. உங்க அப்பாவுக்குப் போன் போட்டேன், கடலுக்குள்ளே இருக்கிறார். உனக்குப் போட்டேன், நீயும் கடலுக்குள்ளே. எனக்கு வாய்த்ததெல்லாம் இப்படி. "ஒங்க கோழியா இருந்தா என்ன செய்வீகம்மா?" என்று கேட்டேன். எங்க வீட்டில் பூனைதான் இருக்கிறது என்று சொன்னது அந்தப் பிள்ளை.

மக்கா, அந்த நேரத்தில் நான் நேர்ச்சையை நினைக்கவில்லை, உன்னையும் நினைக்கவில்லை. சத்தியமாகச் சொல்லுகிறேன். கூடைக்குள் கையை விட்டேன். சீலா அத்தனை சீக்கிலும் என் விரலைப் பிடித்துக் கொத்தினாள். பலமே இல்லை, பேனா முனை பட்ட மாதிரி இருந்தது, ஆனாலும் கொத்தினாள். கொத்துகிறவளை எதற்கு முடித்துவைக்க வேண்டும்? "கீறுங்கம்மா, நான் கால பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். மரத்துப்போக ஊசி போட்டு, இறகைப் பிடுங்கி, ஒரு விரல் நீளத்துக்குத்தான் கீறியது. உள்ளேயிருந்து முதலில் புல்லு வந்தது. அப்புறம் என் வெங்காயம் வந்தது, ஒன்றும் ஆகாமல் அப்படியே. அப்புறம் இழுக்க இழுக்க வந்தது பார், பச்சை நிற நைலான் நூல்! துண்டு துண்டாய், ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. டாக்டர் பிள்ளை "இது என்னது?" என்று தட்டில் வைத்தது. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. உங்க அப்பாவின் வலை. கல்யாண வேலை இருக்கிறது, வலையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்று ரெண்டு மாசமாய்ப் புறவாசலில் உட்கார்ந்து கிழிசல் பார்த்தாரே, அறுத்துப்போட்ட நுனியையெல்லாம் சீலா புழு என்று நினைத்து விழுங்கியிருக்கிறாள். மூன்று வருஷமாய் அந்தோணியார் கோபம், அந்தோணியார் கோபம் என்று நான் நடுங்கினேன். அவர் பாவம், ஒன்றும் செய்யவில்லை. செய்தது எல்லாம் நான் கட்டிக்கொண்ட ஆள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். கன்னுக்குட்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த நூல் உருண்டையைக் கழுவி, கவரில் போட்டுக்கொண்டு வந்து, மத்தியானம் உங்க அப்பாவின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னது என்றார். சீலாவின் வயிற்றில் இருந்த உங்க சொத்து என்றேன். சோற்றை மட்டும் மெதுவாய்ச் சாப்பிட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புறவாசல் மண்ணில் தவழ்ந்துகொண்டிருக்கிறார், நூல் நுனி பொறுக்க! சின்னப் பிள்ளையாய் நீ தவழ்ந்தபோதுகூட அவர் அப்படி உன் பின்னால் தவழ்ந்தது இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் சீலாவுக்கு ராஜ வைத்தியம். கஞ்சி, குழைந்த சோறு, மோர், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய். துணி விரித்த மீன் கூடைக்குள் அவள், வெளியே காவலுக்கு அவர். தையல் பிரித்த அன்றைக்குத்தான் நான் அவரிடம் நேர்ச்சை விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "ஏளா, இத மூணு வருசமா வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா? ஒன்னையும்லா கீறி எடுத்திருக்கணும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கேலி செய்து ஜெயித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

வழியையும் அவரே சொன்னார். அந்தோணியார் கோயிலில் நேர்ந்து விடுகிற கோழியைச் செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள் அல்லவா? முறையாய்க் கொண்டுபோய் விடுவோம், முறையாய் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வருவோம், கோயிலுக்கும் கொடுத்தாயிற்று, கோழியும் வீட்டுக்கு வந்தாயிற்று என்றார். ஆனால் தன் கோழிக்குத் தானே ஏலம் கேட்டால் கடப்புறத்தில் சிரிப்பார்களாம், அதனால் வள்ளத்துக் கூட்டாளி சூசை அண்ணாச்சியை ஏலம் கேட்கச் சொன்னார். உனக்கு சூசை அண்ணாச்சியைத் தெரியும். மீசையும் ஆளும், பார்த்தால் ரெண்டு கோழியை முழுசாய் விழுங்கிவிட்டு வந்த மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை போனோம். ஏலம் விடுகிற கோயில் உபதேசியார் சீலாவைத் தூக்கிப் பிடித்து, "வயசான கோழி, தையல் போட்ட கோழி, ஆனா நேர்ந்த கோழி" என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சூசை அண்ணாச்சி ஒரு விலை கேட்டார். அதோடு முடிந்தது என்று நான் கூடையை எடுத்துவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில், பின்னால் கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் அதைவிடக் கூட்டிக் கேட்டது. அண்ணாச்சி ஏற்றினார். அந்தக் குரலும் ஏற்றியது. அண்ணாச்சிக்குக் கெத்து வந்துவிட்டது, சீலாவின் நெஞ்சைத் தடவிப் பார்த்து, மீசையையும் தடவிக்கொண்டு இன்னும் ஏற்றினார். தையல் போட்ட கிழட்டுக் கோழிக்கு எவள் இப்படிப் போட்டி போடுகிறாள், சூப்பு வைக்கவா என்று கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற கூட்டத்தில் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. கொடுத்தவளே நடுவில் குரல் கொடுக்கவும் கூடாது. அப்பா சொல்லிவைத்த விலையையும் தாண்டிப் போயிற்று. அண்ணாச்சி அவரைத் தேடிப் பார்த்தார், அப்பா கையை விரித்துவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். போய்விட்டது, மக்கா. உன் கோழி என் கண் முன்னால் போய்விட்டது. வெறும் கூடையோடு நின்றேன்.

கூட்டம் விலகினது. சீலாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வருகிறாள் ஒருத்தி. யாரு என்கிறாய்? கோயிலில் ரெண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று, இன்னும் ஒரு ஓலை வாசித்தால் உனக்குப் பொண்டாட்டி. பிரின்சியேதான்! நீ பத்திரமாய் வந்து சேர வேண்டும் என்று ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டு, கீழவைப்பாரிலிருந்து வாரா வாரம் பஸ் ஏறி வந்திருக்கிறாள். நமக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குள் வருகிறவளும் நேர்ச்சையை வாயைத் திறக்காமல் செய்கிறவள்தான், போ! கோழியை உபதேசியார் தூக்கின உடனே புள்ளியைப் பார்த்து, வலது காலில் வளைந்த விரலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். ஏலே, பொண்ணு பார்த்து ஆறு மாசமாய் மணிக்கணக்காய் அவளோடு போனில் பேசினாயே, பேசினதெல்லாம் கோழியைப் பற்றித்தானா? கால் விரல் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாய்.

அவள் என் முன்னால் வந்து நின்று, சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"அத்தை, அவுக வாரதுக்குள்ள இத அந்த மீசைக்காரருக்குக் கறிக்குக் குடுத்துரலாம்னு பாத்தீகளா?"

என்னைப் போய்ப் பேச்சு வராமல் நிறுத்தினவள் அவள் ஒருத்திதான், அதற்காகவே நீ அவளைக் கட்டிக்கொள்ளலாம். அப்புறம் கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் சளி, என் நேர்ச்சை, செயின், எலும்புச் சேவல், நூல் உருண்டை, எல்லாம். சூசை அண்ணாச்சி நம் ஆள் என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்பாவும் அண்ணாச்சியும் தள்ளி நின்று திருடன்மார் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவள் சீலாவின் தையல் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இத அவுககிட்ட சொல்லிட்டீகளா?" என்றாள். இல்லை என்றேன். "நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஒண்ணு விடாம சொல்லுங்க. அதுவரைக்கும் கோழி எங்க வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லி, கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். மாமியாரிடமிருந்து கோழியைப் பறித்து அடமானமாய் வைத்துக்கொண்ட மருமகள் இந்தக் கடற்கரையில் வேறு எவளும் இருக்கமாட்டாள். வீடு வந்து சேரும் வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்க அப்பா, "என்னளா, தோத்துட்டு வந்து இப்பிடிச் சிரிக்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும், வந்து இறங்கினதும் திட்டு, நான் வாங்கிக்கொள்ளுகிறேன். உன்னுடையதை உன்னைக் கேட்காமல் கொடுக்கிறேன் என்று சொன்னது என் தப்புத்தான், அது அந்தோணியாரிடமே சொன்னதாக இருந்தாலும் தப்புத்தான். நீயும் நாளைக்கு அவளுடைய ஒன்றை அவளைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. அது அவள் சம்பளமாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. வேலை பார்த்த இடத்தில் அறுத்துப்போட்ட நுனியை அன்றைக்கே பொறுக்கிவிடு, அது கோபத்தில் பேசின வார்த்தையாக இருந்தாலும்கூட. நமக்கு அது குப்பை, கூட இருக்கிறவர் அதை விழுங்கிவிட்டு சுவரோரமாய் நிற்பார், நாம் வெங்காயம் இடித்துக்கொண்டிருப்போம். இன்னொன்றும் சொல்லுகிறேன். அன்றைக்கு ஏலத்தில் அண்ணாச்சியும் பிரின்சியும் ரெண்டு பேருமே கேட்டது அந்தக் கோழி உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான். யாரும் திரும்பிப் பார்க்காததால் ஒருத்தருக்கு எதிராய் ஒருத்தர் ஏற்றிக்கொண்டே போனார்கள். நானும் உங்க அப்பாவும் இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி எத்தனை ஏலம் கேட்டிருப்போம், எல்லாம் உனக்காகத்தான். வீட்டில் குரல் உசருகிறபோது ஒரு தடவை திரும்பி, எதிரில் யார் நிற்கிறது, எதைக் கேட்கிறது என்று பாரு.

சீலா ரொம்ப நாள் இருக்கமாட்டாள், அதையும் மறைக்கவில்லை. ஒரு மழைக்காலம் இருந்தால் பெரிது என்றுதான் டாக்டர் பிள்ளை சொன்னது. மறுபடி சீக்கானால் இனிக் கீற வேண்டாம், வலி தெரியாமல் வைத்துக்கொள்வோம் என்று நானும் பிரின்சியும் பேசி வைத்திருக்கிறோம். உனக்கு அது சரியா என்று நீயும் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கேட்டுவிட்டேன், பார்த்தாயா? இனி எதையாவது நேர்ந்துகொண்டால் என் கழுத்தில் கிடக்கிறதைத்தான் சொல்லுவேன். சொல்லுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரின்சி போன் செய்தாள். கடிதம் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்கிறாள், வாத்தியாரம்மா மாதிரி. முடியப்போகிறது என்றேன். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். "அத்தை, நான் மீன் ஆய உக்காந்தேன், சீலா எங்கிருந்தோ ஓடியாந்து குடலத் தூக்கிட்டுப் போயிட்டா!" நான் எழுந்து புறவாசலுக்கு ஓடி உங்க அப்பாவிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஓடியாந்தாளா, நடந்து வந்தாளா? சரியாக் கேளு" என்றார். மறுபடி போன் போட்டுக் கேட்டேன். ஓடித்தான் வந்தாளாம்.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா